பழைய ஓட்டுக்குக் கார்பன் பூஜ்யம்

எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் அது எத்தனை டன் கார்பனைக் காற்றில் விட்டிருக்கும் என்று தாணுமாலையன் மனசுக்குள் கூட்ட ஆரம்பித்துவிடுவார். அதுதான் அவர் உத்தியோகம். திருவனந்தபுரத்தில் எழும்பும் ஆஸ்பத்திரி, ஃபிளாட் எதுவானாலும், சிமென்ட் எவ்வளவு, கம்பி எவ்வளவு, கரண்டு எவ்வளவு என்று அளந்து ரிப்போர்ட் எழுதி, கீழே சீல் குத்துவார். பெரிய பெரிய காண்டிராக்டர்கள் அந்தச் சீலுக்காகக் கைகட்டி நிற்பார்கள். கரமனையில் இருக்கும் அவர் வீட்டில் மட்டும் அதற்குச் சல்லி மதிப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மதிப்பை நிலைநாட்டியே தீருவது என்று தீர்மானித்தார். மனைவி கௌசல்யா ஆறு வருஷமாய்ப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடுக்களையை இடித்துக் கட்டவேண்டும் என்கிறாள். அவருக்கோ மொட்டைமாடியில் ஓர் அறை வேண்டும், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்கு. அதற்கென்றே ஆரியசாலையில் இடித்த ஒரு கிடங்கின் செங்கல், ஓடு, தேக்குக் கதவு, இரண்டு ஜன்னல் எல்லாம் வாங்கி, மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அடுக்களை வந்தால் அறை வராது. ஒரு வீடு ஒரு வருஷத்தில் ஒரு கொத்தனாரைத்தான் தாங்கும்.

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்று ரிப்போர்ட்டை விரித்தார்.

"நீ கேக்கற அடுக்களைக்கு அறுபது மூட்டை சிமென்ட். புதுச் செங்கல் நாலாயிரம். கம்பி, டைல்ஸ் வேற. மொத்தம் ஏழு டன் கார்பன்."

"ஏழு டன்னா எவ்வளவு இருக்கும்?"

"ஒண்ணரை ஆனை."

"அய்யோ, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

இவ்வளவு சுலபமாய் முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. உற்சாகத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பம் உங்க மாடி ரூமுக்கு?" என்றாள்.

"பூஜ்யம்."

"அதெப்படி?"

"பழைய சாமானாக்கும். அதோட கார்பன் கிடங்கு கட்டினப்பமே போயாச்சு. பூசறதுக்கும் செம்மண் சாந்துதான், சிமென்டே தொடமாட்டேன். இனி எங்க வச்சுக் கட்டினாலும் பூஜ்யம்."

"எங்க வச்சுக் கட்டினாலுமா?"

"எங்க வச்சாலும்."

"எழுதித் தாங்கோ. நாளைக்கு யாராவது கேட்டாக் காட்டணும்லா."

எழுதினார். சீல் குத்தினார்.

"கட்டற கணக்கு மட்டும் போருமா? கரண்டு?"

கரண்டு சேராத கணக்கு கணக்கே இல்லை என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் மேஜையைத் தட்டுகிறவர் அவர்தான். இப்போது எப்படிப் பின்வாங்குவது?

"மாடியில வெயிலு கொளுத்துமே. ஏசி வேண்டாமா?"

"வேணும். மத்தியானம் ரெண்டு மணிக்கூர்."

"அதையும் எழுதுங்கோ."

வருஷத்துக்கு ஐந்நூறு கிலோ என்று எழுதினார்.

"இங்க பட்டப்பகல்ல ரெண்டு லைட்டு எரியுது. புகைக்கு ஃபேன் வேற. கிழக்கே பெருசா ரெண்டு ஜன்னல் வச்சா?"

"லைட்டும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். இருநூறு கிலோ குறையும்."

"நல்லது. சீலு."

குத்தின பிறகுதான் அவருக்கு லேசாய் வியர்த்தது. மாடியில் கிடக்கும் ஜன்னலும் இரண்டுதான்.

"மேஸ்திரி, வாங்கோ" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள் கௌசல்யா. தென்காசிக் கொத்தனார் பிச்சைக்கனி உள்ளே வந்தார். கையில் பாதி குடித்த காபி. வந்து வெகு நேரம் ஆகியிருக்கும் போலிருக்கிறது.

"மாடிச் சாமானை அடுக்களையில வச்சுக் கட்டினாப் பூஜ்யம். போக, இருநூறு கிலோ மிச்சம். மாடி ரூம்னா வருஷா வருஷம் ஐந்நூறு கிலோ பாவம். சாரே எழுதிச் சீல் வச்சாச்சு."

"இல்ல மேஸ்திரி, அது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தார் தாணுமாலையன். கௌசல்யா காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். இருபது வருஷ சர்வீஸில் தன் சீலைத் தானே மறுத்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஓடெல்லாம் இறக்க மெஷின் சொல்லட்டுமாக்கா?" என்றார் பிச்சைக்கனி.

"டீசல் மெஷினா? கார்பனாக்கும். சார் தலையில சொமந்து இறக்குவாங்க."

மத்தியானம் தூங்குகிற நேரத்துக்கு, தலையில் ஓட்டோடு முப்பதாவது தடவையாய்ப் படியிறங்கினார் தாணுமாலையன். மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. கௌசல்யா மோரை நீட்டினாள்.

"மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்கோ, கேட்டேளா. அதும் கார்பன்தானே."