சாரா மாறி, சார் மாறி

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

விடயம்: 143 கையொப்பங்களுடன் கையளித்த மனுவை வெட்கத்துடன் மீளப் பெறல்

தங்கள் மீது இறைவனின் சாந்தி உண்டாவதாக. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தாரும் நலமென நம்புகின்றேன். கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் நாங்களும் நலம். எனக்குப் புத்தி மட்டும் கொஞ்சம் குறைவு என்பதைத் தாங்கள் இக்கடிதத்தில் காண்பீர்கள்.

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் அஞ்சலோ சாரையும் ஆங்கில ஆசிரியை சாரா டீச்சரையும் இடமாற்ற வேண்டாம் என்று கோரி, கடந்த திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தில் மனுக் கொடுத்தவன் நானே. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் நானே. அப்படி ஒரு இடமாற்றமே கிடையாதாம். நடந்ததைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

மூன்று வருசமாக எங்கட பள்ளிக்கூடத்தில விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லாம இருந்தது. விவசாயம் படிப்பிக்கிறவர் வந்து, அவதானம் இது, முடிபு இது எண்டு பலகையில எழுதிவிடுவார். செய்யாத பரிசோதனைக்குப் பிள்ளைகள் அழகான கையெழுத்தில முடிபு எழுதிக்கொண்டிருந்ததுகள். போன தவணைதான் டவுனில இருந்து அஞ்சலோ சார் வந்தவர். வந்த மனிசன் விடையே சொல்றதில்லை. "மீன்பெட்டியில எதைப் போட்டா ஐஸ் கனநேரம் நிக்கும்?" எண்டு ஒன்பதாம் வகுப்பிட்டக் கேட்டுப்போட்டு, "எப்பிடிக் கண்டுபிடிக்கலாம் எண்டு நீங்களே திட்டம் போடுங்க" எண்டு கதிரையில இருந்திட்டாராம். பிள்ளைகள் முதல்நாள் ஒரு பெட்டிக்குப் பெரிய கட்டியும் மற்றதுக்குச் சின்னக் கட்டியும் போட்டு, ஒண்டை வெயிலிலயும் வெச்சு, எல்லாத்தையும் குழப்பியடிச்சிருக்குதுகள். அப்பவும் சார், "ஏன் பிழைச்சது?" எண்டு மட்டும் கேட்டாராம். இருபது வருசம் ஐஸுக்கு மரத்தூள் போட்டு மீன் ஏத்துறவன் நான், என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ட மகள் ஆதிலாவோ, "வாப்பா, சொல்லிப்போடாதீங்க" எண்டு காதைப் பொத்துறாள். ஆனா ஐயா, அந்தப் பிள்ளை விடிய ஒருத்தரும் எழுப்பாமத் தானா எழும்பிப் பள்ளிக்கூடம் போறதை இந்தச் சார் வந்த பிறகுதான் கண்டனான். அவரை விட எங்களுக்கு ஏலாது.

இப்படியிருக்க, சனிக்கிழமை குசினியில ஆதிலாவும் கூட்டாளி அம்ராவும் கதைச்சது காதில விழுந்தது.

"சாரா மாறியை நாங்கதான் மாத்தணும்."

"ஓம், அதை மாத்தினா சார் மாறி தானா மாறும்."

"மற்றதெல்லாம் கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கணும், இல்லாட்டிப் பிழைச்சிடும்."

எனக்குத் தலை சுத்திச்சு. சாரா டீச்சரைத் தூக்கினா சாரும் பின்னால போயிடுவார், மற்ற ஆசிரியர்மார் வாய் திறக்கக்கூடாது, ஆரோ பெரிய சதி செய்யிறாங்க எண்டு விளங்கிட்டுது. அதுக்குள்ள சாரைப் போய் 'மாறும்' எண்டு ஆடுமாட்டைச் சொல்றமாதிரிச் சொன்னாளே எண்டு தனிக் கோபம். மகளிட்டயே கேட்டிருக்கலாமே எண்டு தாங்கள் நினைப்பீங்க. எங்கட வீட்டுக்காரி லைலாவும் அதைத்தான் சொன்னவ. நான் கேக்கேல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்து வீடு வீடாப் போய்க் கையொப்பம் வாங்கினன். கட்டைபறிச்சான் ஊரில மீன் வாங்க வந்த மூண்டு பேரும் வெச்சாங்க. அவங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் எண்டே தெரியாது.

நேற்று, புதன்கிழமை, சாருக்கு ஆறுதல் சொல்லுவம் எண்டு வகுப்புக்குப் போனன். மேசையில ஒரே அளவில மூண்டு பெட்டி. ஒண்டில உமி, ஒண்டில மரத்தூள், ஒண்டில சாக்கு. ஆதிலா உருகின தண்ணியை அளந்து எழுதுறாள். பலகையில கொட்டை எழுத்தில, "சாரா மாறி: ஐஸைச் சுற்றிப் போடும் பொருள். சார் மாறி: உருகிய நீரின் அளவு. மாறாமல் வைப்பவை: ஐஸின் நிறை, பெட்டி, இடம்" எண்டு கிடக்கு. ரெண்டு தரம் வாசிச்சன்.

"சார், இதில நீங்க எது?" எண்டு கேட்டன்.

"நான் இதில இல்லை, அலியார் நானா. மாறி எண்டா மாறுற விசயம். நாங்களா மாத்துறது சாரா மாறி, அதால மாறுறது சார் மாறி" எண்டார்.

மனுவைப் பற்றிச் சொன்னன். சார் சிரிச்ச சிரிப்பில கை பட்டு அளந்த தண்ணியெல்லாம் கவிண்டு போச்சு. பிள்ளைகள் முறைக்க, "ரெண்டாம் தரமும் செய்து பாக்கிறது நல்லதுதானே" எண்டு சமாளிச்சார். பக்கத்து வகுப்பிலயிருந்து வந்த சாரா டீச்சர் மட்டும் சிரிக்கேல்லை. "என்னைப் போகவேணாம் எண்டு நூற்றிநாப்பத்திமூண்டு பேரா?" எண்டு கேட்டுக் கண்ணைத் துடைச்சா. எனக்கும் அழுகை வந்திட்டுது. ரெண்டாம் தரம் செய்ததில உமிதான் வெண்டது. அதில எனக்குக் கொஞ்சம் கவலை.

ஆகவே மேற்படி மனுவைக் கிழித்துக் குப்பையில் இடுமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றேன். இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், என்னைப் போன்ற செயலாளர்களிடமிருந்து பாதுகாப்பையும் தருவானாக.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ம. அலியார்

பி.கு.: இதை உறையில போடமுதல் ஆதிலா ஓடிவந்தாள். அஞ்சலோ சாருக்கு உண்மையாவே மாற்றக் கடிதம் வந்திட்டுதாம். எங்கட மனுவைப் பாத்தபிறகுதான் இஞ்ச ஒரு விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறதே அலுவலகத்துக்கு ஞாபகம் வந்ததாம். ஆள் இல்லாத வேற பள்ளிக்கூடத்துக்குப் போட்டிட்டாங்களாம். ஐயா, மேலே நான் ஒண்டும் எழுதேல்லை. மனுவைக் கிழிக்காதீங்க, கிழிச்சிருந்தா ஒட்டி வையுங்க. அதில ஒரு கையொப்பம் விடுபட்டுப் போச்சு. அவர் இப்பதான் என்ட வீட்டுக்கு வந்து, பேனையைப் பறிச்சுத் தானே போட்டவர்:

144. எஸ். அஞ்சலோ, விஞ்ஞான ஆசிரியர்.