மூத்த மருமகள் வேலைக்குப் போகிறாள்

கொழுந்தனார் பியோங்-தே அவர்களுக்கு, ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அண்ணி சுன்-இம் எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். உங்கள் நலமும், ஓரகத்தி ஹே-ரான் நலமும், ஜேஜூ தீவில் கோல்ஃப் ஆடிச் சுளுக்கிக்கொண்ட அவளுடைய மணிக்கட்டின் நலமும் அறிய ஆவல்.

வேலை கிடைத்துவிட்டது, இந்த சூசொக் பண்டிகைக்கு முன்னோர் படையல் என்னால் சமைக்க முடியாது என்று போன வாரம் போனில் சொன்னேன். "நல்லா யோசிங்க அண்ணி" என்று வைத்துவிட்டீர்கள். யோசித்துவிட்டேன். முடியாது.

உங்கள் அண்ணன் போனபிறகு கேஸ் பில்லைக் கண்டாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது. ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வேலையே பார்த்ததில்லையாம்மா?" என்றாள். "தினமும் பார்த்தேனே. மாமியார் படுத்த படுக்கையா கிடந்தாங்க, நான்தான் பார்த்துக்கிட்டேன்." "அதுக்குச் சம்பளம்?" "அவங்க மேலே போயிட்டாங்க, நான் போறப்ப கேட்டுச் சொல்றேன்." அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் நெசவு ஆலையில் இருந்தவள்தான். மூத்த மருமகள் ஆலைக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும் என்று மாமனார் நிறுத்தினார். சின்ன மருமகள் டீச்சர், அவள் போனதில் மானம் போகவில்லை, பென்ஷன் வந்தது. உங்களைப் படிக்கவைக்க அண்ணன் பட்டறையை அடகு வைத்தார், உங்களுக்கும் பென்ஷன் வந்தது, பட்டறை மட்டும் திரும்பி வரவில்லை. குறை சொல்லவில்லை தம்பி, நடந்ததைச் சொல்கிறேன். வருத்தம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் சந்தையில் படையல் சமைத்து விற்கிற கடையில் ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்தேன். "அனுபவம் இருக்கா?" என்றாள் முதலாளியம்மா. "முப்பது வருஷத்துக்கு மேல." "எந்தக் கடையில?" "கடையில்ல, புகுந்த வீட்டுல, கிம் குடும்பத்துல." ஒரு மீன் துண்டை முட்டையில் தோய்த்துப் பொரித்துக் காட்டச் சொன்னாள். தின்றுவிட்டு ஏப்ரனை எடுத்துக் கொடுத்தாள். பண்டிகை வாரத்தில் லீவு போட்டால் வேறு ஆள் வந்துவிடும்.

"இந்த வயசுல வேலைக்குப் போய் எங்க மானத்தை வாங்கணுமா?" என்பீர்கள். அதை நான் சும்மாவே ரொம்ப நாள் கட்டிக் காத்தாயிற்று, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். படையல் பாத்திரங்களை டாக்சியில் அனுப்புகிறேன். இனி நான் முன்னோர்களுக்காக ஒரு பெரணிக் கீரையைக்கூட வதக்குவதாக இல்லை.

முன்னோர்களின் ஆசி உங்கள் வீட்டில் நிறையட்டும். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணி

பி.கு.: கடையில் உட்கார்ந்து இதை மடிப்பதற்குள் கடைப் போன் அடித்தது. எடுத்தால் ஹே-ரான். என் குரல் அவளுக்குத் தெரியவில்லை. "எங்க வீட்டு மூத்த மருமக இந்த வருஷம் முரண்டு பிடிக்கிறாங்க. முழுப் படையலும் வேணும். வீட்டுல செஞ்ச மாதிரியே இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றேன். விலை கேட்டு மலைத்துப்போய்க் குறைக்கச் சொன்னாள். "சமைக்கிறவங்களுக்குச் சம்பளம் கொடுக்கணுமேம்மா" என்றேன். "அதுவும் நியாயம்தான்" என்றாள் டீச்சர். ஆகவே தம்பி, சமைக்கத்தான் போகிறேன். படைத்துக் கும்பிடும்போது மாமனாரிடம் சொல்லிவிடுங்கள், மூத்த மருமகள் கைச் சமையல்தான், இந்தத் தடவை சம்பளத்துக்கு.