நல்லரத்தினத்தின் ஐந்து கிலோமீட்டர்

நல்லரத்தினம் ஓடுவதென்று முடிவெடுத்தது தயிருக்காக. உடம்புக்காக என்று ஊருக்குச் சொன்னார். அதை ஊரும் நம்பவில்லை, உடம்பும் நம்பவில்லை.

நடந்தது இதுதான். ஐம்பத்திரண்டு வயதில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எட்டிப் பார்த்தது. "சாப்பாட்டைக் கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க" என்றார் டொக்டர். நல்லரத்தினம் எப்போதும் சாப்பாட்டைப் பார்த்துத்தான் சாப்பிடுவார், கண்ணை எடுக்கவே மாட்டார். ஆனால் கூடப் போயிருந்த மனைவி தெய்வமணி அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் எருமைத் தயிருக்கும் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகுக்கும் தடை. ஞாயிறு மத்தியானம் ஒரு சட்டித் தயிரை முன்னால் வைத்து, மேலே பாணியை ஊற்றி, பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு சாப்பிட்டு வந்த மனிதர் அவர்.

எதிர்த்துப் பேசலாம் என்றால் வீடு தெய்வமணியின் சீதன வீடு. மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோவான். கேற் அவளுடையது, கிணறு அவளுடையது, பிரிட்ஜ் அவளுடைய தம்பிமார் வாங்கிக் கொடுத்தது. அந்த வளவுக்குள் நல்லரத்தினத்துக்கென்று இருந்தது ஒரு சைக்கிளும் கொஞ்சம் கௌரவமும். சைக்கிளுக்குக் காற்றுப் போய் இரண்டு வருசம்.

அப்போதுதான் ஊர் விளையாட்டுக் கழகம் வாவிக்கரை வீதியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டப்போட்டி வைப்பதாக நோட்டீஸ் ஒட்டியது.

"இஞ்சாருங்க, இதை ஓடி முடிச்சீங்க எண்டா ஞாயிற்றுக்கிழமைத் தயிர் திரும்பி வரும்," என்றாள் தெய்வமணி.

"பாணியோட?"

"பாணியோட."

"நடந்து முடிச்சா?"

"நடந்தாலும் சரி, தவழ்ந்தாலும் சரி. அஞ்சு கிலோமீட்டரும் உங்கட காலால போகணும். இல்லாட்டி வாழ்நாள் முழுக்கக் குரக்கன் கஞ்சிதான்."

பக்கத்து வீட்டுக் கனகசூரியத்தையும் நல்லரத்தினம் சேர்த்துக்கொண்டார். கனகசூரியம் பிறந்ததிலிருந்து பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. ஆனால் டிவியில் நிறைய ஓட்டம் பார்த்தவர். அதனால் பயிற்றுநர் பதவியைத் தானே எடுத்துக்கொண்டார்.

"மச்சான், ஓட்டத்தில முக்கியம் மூச்சு. மூச்சை நான் பாத்துக்கொள்ளுறன்."

"அப்ப கால்?"

"கால் உன்ர பாடு."

முதல் நாள் விடிய இருவரும் புதுச் சப்பாத்தோடு கிளம்பினார்கள். வாவிக்கரை மதகு வரைக்கும் ஓடினார்கள். மதகைக் கண்டதும் கனகசூரியத்தின் மூச்சுப் பயிற்சி முடிந்துவிட்டது. மதகில் குந்தினார்கள். பிறகு ஆளை ஆள் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். ஓடிய தூரத்தை அளக்கத் தெய்வமணி புருசனின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை வாங்கிப் பார்த்தாள்.

"நானூறு மீட்டர். வாசல் கூட்டக்குள்ள நான் இதை விடக் கூட நடப்பன்."

நல்லரத்தினத்துக்கு அவமானமாக இருந்தது. அடுத்த நாள் அதே மதகில் குந்தியிருந்தபோது, பிரதீஸ் தோணியைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். வாவியில் மீன்பிடிக்கிறவன். விடியப் போய், இரவு வைத்த வலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவான். கனகசூரியத்தின் முகம் பிரகாசித்தது.

"தம்பி, ஒரு சுத்துப் போய் வர எவ்வளவு தூரம் வரும்?"

"அஞ்சு கிலோமீட்டர் வரும் அண்ணன்."

போனை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றித் தோணிக்குள் வைத்தார்கள். அது ஓடியது. ஓட்டக்காரர்கள் இருவரும் ஸகியாவின் அப்பக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று முட்டை அப்பம் சாப்பிட்டார்கள். வீட்டுக் கேற்றடியில் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு மூச்சிரைத்தார்கள்.

"அஞ்சு கிலோமீட்டர். ஒரு மணித்தியாலம்," என்று தெய்வமணி போனை நெடுநேரம் பார்த்தாள். "நல்லம். ஆனா பத்துப் பன்னிரண்டு இடத்தில நிண்டு நிண்டு போயிருக்கிறீங்க. ஏன்?"

"தண்ணி குடிச்சன்."

"ஓம். நீங்க போன பக்கம் தண்ணிக்குக் குறைவில்லதான்."

அந்தப் பதிலை நல்லரத்தினம் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மூன்று கிழமை இப்படிப் போனது. போன் நல்ல ஓட்டக்காரனாகிவிட்டது. நல்லரத்தினமும் மெல்ல மெல்லத் தான் ஓடுவதாகவே நம்பத் தொடங்கினார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு முழங்காலைக் காப்பாற்றும் விதம் பற்றி விளக்கம் கொடுத்தார். ஓட்டக்காரனுக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்று கனகசூரியம் போய்ப் பிரதீஸிடம் சொல்ல, "அண்டைக்கு எனக்கு ஆரு சோறு போடுற?" என்று அவன் கேட்டான். ஓய்வு நாள் ரத்தானது.

வீட்டிலும் சாப்பாடு திருந்தியிருந்தது. தினமும் இறால் குழம்பு, இல்லாவிட்டால் நண்டு.

"எங்கால இவ்வளவு இறால்?"

"தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கொண்டு வந்து தாறான். சாப்பிடுங்க, ஓடுற உடம்பு."

சாப்பிடும்போது யோசிக்கிற பழக்கம் நல்லரத்தினத்துக்கு இல்லை.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தெய்வமணி ஒரு செய்தி சொன்னாள். "வாழைச்சேனையிலயிருந்து தம்பிமார் ரெண்டு பேரும் வாறாங்க. அத்தான் ஓடி முடிக்கிறதை நேரில பாக்கணுமாம்."

"அவங்களுக்கு ஏன் சொன்ன?"

"பெருமையான விசயத்தை மறைக்கலாமா?"

நல்லரத்தினம் வேலிக்கு மேலால் கனகசூரியத்தைக் கூப்பிட்டார். கனகசூரியம்தான் வழி கண்டுபிடித்தார். போட்டி நடக்கும் வீதி வாவியோடு சேர்ந்து பெரிதாக வளைந்து போகிறது. முதல் கிலோமீட்டரில் கரையோரக் கண்டல் பற்றைக்குள் இறங்கி, தோணியில் குறுக்கே போய், நாலாவது கிலோமீட்டரில் ஏறினால் முடிந்தது. பிரதீஸிடம் சொன்னபோது, சொல்லி முடிக்குமுன்பே அவன் சரி என்றான். ஒரு கிலோ மீனுக்குப் பத்து நிமிசம் வாய்ச்சண்டை பிடிக்கிறவன் உடனே சரி என்றால் சந்தேகப்பட வேண்டாமா? இவர்கள் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

போட்டியன்று காலை தெய்வமணி இருவரிடமும் கையை நீட்டினாள். "ஓடக்குள்ள போனும் பேர்சும் பாரம். இஞ்ச தாங்க."

கொடுத்தார்கள். விசில் ஊதியது. முதல் கிலோமீட்டரை இருவரும் மெய்யாகவே ஓடினார்கள், அதற்குப் பதினைந்து நிமிசம் எடுத்தது. கடைசியாக வந்த அம்புலன்ஸும் அவர்களை முந்திப் போய்விட்டது. ஒருவரும் பார்க்காத நேரம் பற்றைக்குள் பாய்ந்து தோணியில் விழுந்தார்கள்.

"இப்பதான் மச்சான் எனக்கு மூச்சுச் சரியா வருது," என்று கனகசூரியம் மல்லாந்து படுத்தார்.

கொஞ்ச நேரம் போனது. நல்லரத்தினம் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பிரதீஸ், நாம போற கரை அங்கால கிடக்கு."

"ஓம் அண்ணன்."

"நாம இங்கால போறம்."

"ஓம் அண்ணன்."

தோணி படுவான்கரையில் முட்டி நின்றது. அது வாவியின் மற்றக் கரை. கண்ணுக்கெட்டிய வரை வயல், ஒரு எருமை மாடு, ஒரு றோட்டு. இருவரும் காலை ஊன்றி இறங்கியதும் பிரதீஸ் தோணியைக் கம்பால் உந்தி, கைக்கெட்டாத தூரத்தில் போய் நின்றுகொண்டான்.

"அக்கா இங்கதான் இறக்கச் சொன்னவ."

"எந்த அக்கா?"

"தெய்வமணி அக்கா. போன்ல நீங்க ஓடின கோடு முழுக்க வாவிக்கு மேலால போகுதாமே, முதல் நாளே கண்டிட்டா. ரெண்டாம் நாள் தோணிக்குள்ள கிடந்த உங்கட போனுக்கே கோல் எடுத்தவ. நான்தான் கதைச்சன். இறால் இருக்கா எண்டு கேட்டா."

மூன்று கிழமையாகச் சாப்பிட்ட இறாலைப் பற்றி நல்லரத்தினம் இப்போதுதான் யோசித்தார்.

"இனி எப்பிடிடா போற?"

"வலையிறவுப் பாலத்தால சுத்திப் போங்க. போட்டி முடியிற இடத்துக்குச் சரியா அஞ்சு கிலோமீட்டர். அக்கா ஸ்கூட்டியில வந்து அளந்து பாத்தவ."

"நாங்க ஏற்கனவே ஒரு கிலோமீட்டர் ஓடினமே," என்றார் கனகசூரியம் அழாக்குறையாக.

"அது கணக்கில இல்லையாம்."

ஆட்டோ பிடிக்கக் காசில்லை. ஆளைக் கூப்பிடப் போனில்லை. நல்லரத்தினம் எருமையைப் பார்த்தார். எருமை அவரைப் பார்த்தது.

"ஓடாட்டி என்ன செய்வாவாம்?" என்று கேட்டார்.

பிரதீஸ் கம்பை ஊன்றித் தோணியைத் திருப்பினான்.

"ஒண்டும் செய்யமாட்டா அண்ணன். ஒரு சட்டித் தயிர்தான் வாங்கினவ. தம்பிமார் ரெண்டு பேரும் கரண்டியோட இருக்கிறாங்க."