இரண்டு முறை தட்டினால் விட்டுவிட வேண்டும்

பாசமுள்ள தங்கைக்கு,

அண்ணன் பணிவுடன் எழுதுவது. ஆமாம், பணிவுடன்தான். இங்கே நானும் உன் அண்ணியும் நலம்; அந்த நலத்தில் என் இடது முட்டியைச் சேர்த்துக்கொள்ளாதே. அங்கே நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இது நன்றிக் கடிதம். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும், ஆகவே நடுவே எங்காவது திட்டுவது போலத் தெரிந்தால் அதையும் நன்றிக் கணக்கில் எழுதிக்கொள்.

ஆறு மாதத்துக்கு முன் ஜூடோ வகுப்பின் சேர்க்கைச் சீட்டைத் தபாலில் அனுப்பி, "அண்ணா, காரணம் கேக்காம போயிட்டு வா" என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் கதையே வேறு. முப்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்திக் கத்தியே ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கு இனி ஒருவர் கற்றுக்கொடுப்பதா என்று கொதித்தேன். ஆனால் காரணம் எனக்கும் தெரியும். மகள் வங்கி வேலையை விட்டுவிட்டுத் தச்சுப் பட்டறையில் சேர்ந்த அன்று நான் கத்தின கத்தலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், அப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியோடு மட்டும் ஃபோனில் பேசுவாள். நான் அறைக்குள் வந்தால் அண்ணி "சரி, வைக்கிறேன்" என்பாள். அந்த "சரி, வைக்கிறேன்" இருக்கிறதே, அதற்கு நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம். இந்தக் கோபம் போனால்தான் அவள் வீட்டுக்கு வருவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மாஸ்டர் யார் என்று பார்த்தால் என் எடையில் பாதி இருக்கிற ஒரு பெண். "சார், முதல்ல விழக் கத்துக்கணும்" என்றாள். அதுக்கு எதுக்கம்மா வகுப்பு, தானா வருமே என்றேன். அடுத்த நொடி மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களைத் தொப்பென்று போடுகிறவள் என்னை மட்டும் தொட்டிலில் கிடத்துவது போலக் கிடத்துவாள்; வயதுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் விழுவது மட்டும்தான் பாடம். விழும்போது உள்ளங்கையால் தரையை ஓங்கி அடித்தால் உடம்புக்கு அடிபடாதாம். உன் அண்ணி என் வெள்ளை உடுப்பைச் சிவப்புப் போர்வையோடு ஊறப்போட்டு ரோஜா நிறமாக்கிக் கொடுத்தாள், அதையும் மாட்டிக்கொண்டுதான் விழுந்தேன். ஒருநாள் பஸ்ஸில் டிரைவர் பிரேக்கை மிதிக்க, நான் முறைப்படி விழுந்து முறைப்படி ஓங்கி அடித்தேன். கைக்குக் கீழே ஒரு அம்மாளின் முட்டைப் பை இருந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. முட்டைகளுக்குப் பயிற்சி போதாது.

அப்புறம் வந்தது அந்த வழக்கம். எதிராளி அமுக்கிப் பிடிக்கும்போது தாங்கவில்லையென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும், தட்டின நொடியே அவர் விட்டுவிட வேண்டும். "தட்டுறது அசிங்கம் இல்ல சார். தட்டினப்புறமும் விடாம பிடிக்கிறதுதான் அசிங்கம்" என்றாள் மாஸ்டர். எனக்கு இது புதுச் செய்தி. நம் வீட்டில் யாரும் தட்டியதும் இல்லை, தட்டியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். உடனே எல்லா இடத்திலும் தட்ட ஆரம்பித்தேன். பல் டாக்டரின் நாற்காலியில் தட்டினேன். அவர் ஜூடோ படித்தவர் இல்லை. அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது நான் வாயைத் திறக்கும் முன்பே தட்டிவிடுகிறாள். கார் கற்க வருகிறவர்களிடம், "நான் கத்தினா டேஷ்போர்டுல ரெண்டு தட்டு தட்டுங்க, வாயை மூடிக்கிறேன்" என்று சொல்லிவைத்தேன். அன்று வந்த தையல்கார அம்மாள் கிளம்பின இடத்திலிருந்து பெட்ரோல் பங்க் வரை ஒரு கையால் தட்டிக்கொண்டே ஓட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போக வந்தாள். உட்காரவில்லை. "சாப்பாட்டுக்கு என்ன பண்றே?" என்று அக்கறையாகத்தான் கேட்டேன், என் குரலில் அது குத்தலாகப் போய்விட்டது. "எட்டு மாசம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணிச்சாப்பா? ஒரு ஃபோன் பண்ணி..." என்று ஆரம்பித்தாள். எனக்குக் காது வரை சூடேறியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது என் கை தானாகப் போய்ச் சாப்பாட்டு மேஜையை இரண்டு முறை தட்டியது. மகள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். அண்ணி விளக்கம் சொல்வதற்குள் நிறுத்திவிட்டாள். திகைத்துப்போய் நின்றாள் என்று நினைத்தேன். மேஜையைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். "கால் ஆடுதுப்பா" என்றாள். கீழே உட்கார்ந்து ஒரு சின்ன ஆப்பு செதுக்கிச் சொருகினாள். அப்புறம் அதே மேஜையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. எல்லாம் நீ அனுப்பிய சீட்டால் வந்தது. இந்த ஜென்மத்தில் உனக்கு நன்றி சொல்லி முடியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நூறு வயது வாழட்டும். விழுந்தால் தரையை அடிக்கச் சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
கோபம் முக்கால்வாசி குறைந்த அண்ணன்

பி.கு.: மேலே சொன்ன நன்றி முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தைத் தபாலில் போடும் வழியில், வகுப்பைப் புதுப்பிக்கப் போனேன். மாஸ்டர் பழைய படிவத்தை எடுத்து நீட்டினாள். உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? இது அச்சு வைத்தது போன்ற எழுத்து. சேர்ப்பவர் என்ற இடத்தில் "மகள்". "மூணு நாள் அந்த பெஞ்சுல உக்காந்து பாத்துட்டுத்தான் சார் உங்களைச் சேத்தாங்க" என்றாள் மாஸ்டர். கடைசியில் மற்ற குறிப்புகள் என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: "அப்பா கத்துவார், பயப்பட வேண்டாம். இடது முட்டியில் வலி உண்டு. மெதுவாகத் தள்ளவும்." தபால்தலை ஒட்டியதற்கு மட்டும் உனக்கு நன்றி. மற்றதைச் சொல்ல நாளைக் காலை பட்டறைக்குப் போகிறேன். பேச்சு வராது. கதவை இரண்டு முறை தட்டினால் அவளுக்குப் புரியும்.