டபுள் விசில் காட்டில் ஓடிய கதை

இந்த உலகத்தில் யார் ஓடி வந்தாலும் தன்னுடைய பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடி வருகிறார் என்று முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர் டபுள் விசில். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய இயற்பெயர் அவர் மனைவிக்குத் தெரியும். ஆனால் நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் அதை வாயால் சொல்லமாட்டார்.

ஒருமுறை கோழியைத் துரத்திக்கொண்டு சாலையில் ஓடிய பெண்மணிக்காக பஸ்ஸை நிறுத்தினார். கோழி சிக்கும்வரை காத்திருந்து, "ஏறும்மா, கோழிக்கு டிக்கெட் வாணாம்" என்றார். அந்தம்மாள் இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். திட்டிக்கொண்டே ஏறி, திட்டிக்கொண்டே இறங்கினார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அதனால் எதைச் செய்தாலும் அட்டவணை போட்டுச் செய்கிற வழக்கம். காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தேன். பஸ் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா நைனா, எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல ணா. சும்மா ஓடறேன்."

"சும்மாவா?"

பஸ்ஸே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது. பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "வூட்ல எதனா சண்டையா தம்பி?" என்று விசாரித்தார். டபுள் விசில் மட்டும் யோசனையோடு என்னைப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த விடுமுறை நாளில், காக்கி பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் ஓட வந்துவிட்டார். அப்போதே ஐம்பதைத் தொட்டிருந்தார். முதல் நாளே என்னை முந்தினார்.

ஆனால் அவருக்கு ஓடத் தெரிந்த அளவுக்கு, ஒருவரை விட்டுவிட்டு ஓடத் தெரியாது. முருகன் கோயில் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் ஏறுவேன். அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். படியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பக்தரையும் எழுப்பி, "இன்னா, இங்கியே எறங்கிட்டீங்க? மேல வாங்க, எடம் கீது" என்று ஏற்றிவிட்டுத்தான் வருவார்.

ஆந்திரத்தில், திருப்பதிப் பக்கம் சேஷாசல மலைகளில் இருக்கும் தேசியப் பூங்காவில் ஆண்டுக்கொரு முறை ஒரு காட்டு ஓட்டம் நடக்கும். செம்மரக் காட்டு வழியாக ஏறி, ஓடை தாண்டி, பள்ளத்தாக்கில் இறங்கி, இருபத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட்டால் பதக்கம். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நான்கு மணி நேரத்தில் வந்துவிடுவார். ஆனால் மூன்று ஆண்டும் பதக்கம் இல்லை.

முதல் ஆண்டு, கால் பிடித்துக்கொண்ட ஒருவருக்கு உட்கார்ந்து நீவிவிட்டார். அந்த ஆள் தேறி ஓடிப்போய்ப் பதக்கம் வாங்கிவிட்டார். இரண்டாம் ஆண்டு, ஷூவின் அடிப்பாகம் பிய்ந்த ஒருவருக்குத் தன் ஷூவைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார். மூன்றாம் ஆண்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடைக்கரைப் புதரில் யாரோ விட்டுப்போன பனியன் ஒன்று தொங்கியது. உள்ளே ஒருத்தர் குளித்துக்கொண்டிருக்கிறார், தனியாக விட்டுப்போகக் கூடாது என்று பனியனுக்குக் காவலாக இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறார்.

நான்காம் ஆண்டுதான் கடைசி. முழங்கால் தேய்ந்துவிட்டது, இதற்குமேல் மலை இறங்கி ஓடினால் பஸ் படிகூட ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு தபா டைமுக்குள்ள போய் நிக்கணும் நைனா. அப்பறம் ஓடவே வாணாம்."

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ படிச்ச புள்ள. வழியில யாரையும் பாக்காம இஸ்துகினு போய்ச் சேத்துடு. அப்பறம், அவரு முதுகுலயும் ஒரு நம்பர் சீட்டு குத்திடு. அந்தக் காட்ல தமிழ் பேசிகினு ஓடறவன பின்னாடி இருந்து பாத்தா செம்மரம் வெட்ட வந்தவன்னு நெனச்சுக்கப் போறாங்க."

நான் திட்டம் போட்டேன். அவருக்குப் பிரச்சினை பின்னால் இருப்பவர்கள்தான். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் நான் ஓடுவது. திரும்பினால் என் முகம் மட்டும்தான் தெரிய வேண்டும்.

புறப்படும் இடத்திலேயே வனக்காவலர் ஒருவர் அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக்கொண்டார். "ஊதக் கூடாது. யானை உண்டு."

"யான வந்தா நிறுத்தத்தான் சார் விசிலு" என்றார் இவர். பலிக்கவில்லை.

பதினான்கு கிலோமீட்டர் வரை என் திட்டம் அருமையாக வேலை செய்தது. ஓர் ஏற்றத்தின் உச்சியில் நின்றார்.

"நைனா, உன் பின்னாடி யாரு?"

"யாரும் இல்ல ணா. நீ போ."

"எரநூறு பேர் பொறப்பட்டோம். நமக்கு முன்னாடி பாதி பேர்கூட போவல. மிச்சம் பேர சிறுத்த துன்னுட்ச்சா?"

அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான் கெஞ்சினேன், அண்ணி பெயரைச் சொல்லி மிரட்டினேன். கூட்டம் கூட்டமாக எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் ஏழு பேர், பார்க்கவே பரிதாபமாக வந்து சேர்ந்தார்கள். காஞ்சிபுரத்து வங்கி மேடம் ஒருவர் அழுதுகொண்டு வந்தார். எல்லாருக்கும் பின்னால், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தொந்தி சார் ஒருவர், மரத்துக்கு மரம் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன விட்டுட்டுப் போயிடுங்க சார்" என்றார் அவர்.

"வுட்டுட்டுப் போற சர்வீஸ் நம்ம கைல இல்ல சார். எழுந்திரு" என்றார் டபுள் விசில்.

அதற்குப்பின் அந்தக் காட்டில் ஒரு டவுன் பஸ் ஓடியது. விசில் இல்லாததால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டுவார்; ஏழு பேரும் நகர்வார்கள். ஒரு தட்டு என்றால் நின்று தண்ணீர் குடிப்பார்கள். வளைவுக்கெல்லாம் தன் பஸ் நிறுத்தங்களின் பெயர் வைத்தார். "தோ தெரியுது பாரு பாற, அதான் கே.ஜி.கண்டிகை. அந்த எறக்கம் ரைஸ்மில் ஸ்டாப்பிங். மேடம், முன்னாடி போங்க, எடம் கீது. சார், மரத்துல தொங்காத." காஞ்சிபுரத்து மேடம் அழுகையை நிறுத்திவிட்டு, "ஆர்.கே.பேட்டைக்கு இன்னும் எவ்வளவு தூரம்ணா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசி இறக்கத்தில் நான் அவரைக் கவனித்தேன். நேராக இறங்காமல் பக்கவாட்டில் இறங்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

முடிவுக் கோட்டின் அலங்கார வளைவு தெரிந்தபோது அதன் மேலே இருந்த கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். நான் துள்ளிக் குதித்து உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அவர் வளைவுக் கம்பத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

"ஏறு, ஏறு. பாத்து மேடம், கால் வச்சு ஏறு. ஒண்ணு... ரெண்டு..."

"ணா, நீ உள்ள வா ணா!"

"இரு நைனா. இன்னும் ஒரு டிக்கெட் ஓடியாறாரு."

தொந்தி சார் ஓடவில்லை. உருண்டு வந்தார் என்பதுதான் சரி. நான் கடிகாரத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தேன். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தால் போதும், ஒரே ஓர் அடி. அவர் முகத்தில் அந்தக் கணக்கே இல்லை. தொந்தி சார் இரண்டு கையையும் நீட்டியபடி கோட்டுக்குள் விழுந்தார். டபுள் விசில் பின்னால் ஒருமுறை பாதையைப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நேரம் தாண்டி நான்கு நொடி.

பதக்கம் வைத்திருந்த இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டார். "சாரி சார். எங்களுக்கு ரூல்ஸ்."

ஏழு பேரும் சண்டைக்குப் போனார்கள். அவர் கையமர்த்தினார். "உடுங்க. வண்டி டைமுக்கு வந்துட்ச்சா இல்லியா?"

"வந்துடுச்சு."

"அவ்ளோதான். கண்டக்டர் எப்ப எறங்குனா இன்னா?"

திருப்பதியிலிருந்து மதிய பஸ் பிடித்தோம். என் பதக்கத்தைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். புத்தூர் தாண்டியது. அப்புறம் தாங்காமல் கேட்டேன்.

"வருத்தமே இல்லியா ணா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கீது நைனா. இல்லன்னு சொன்னா பொய்யி." என் பக்கம் திரும்பி, "அந்த சாரு உள்ள உழுந்தவொடனே வூட்டுக்குப் போன் போட்டு அழுதாரு, பாத்தியா?" என்றார்.

"ஆங். பாத்தேன்."

முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. மடக்க முடியாமல் தவித்தார். தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"டேய், படிச்ச புள்ள மடியில கால் வக்கறதா? எடு, எடு."

"பேசாம தூங்கு ணா."

நகரி வருவதற்குள் தூங்கிவிட்டார். அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னே பார்த்துவைத்து, இரண்டு கையாலும் அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.