கடைசிச் சொல்லில் நின்ற காது

நெரவியில் இருக்கும் மதிப்பிற்குரிய மாமா அம்பலவாணன் அவர்களுக்கு, காரைக்கால்மேட்டிலிருந்து மருமகன் பாலகுரு பணிவுடன் எழுதுவது. நான் இங்கு சுகமாக இருக்கிறேன். தாங்களும் அத்தையும் நலமென்று மீன் வாங்க வந்தவர்கள் மூலம் அறிந்தேன். தாங்கள் என் போனை எடுப்பதில்லை, ஆகையால் இக்கடிதம்.

எனக்கு இங்கிலாந்து போக இஷ்டமில்லை, வேண்டுமென்றே பரீட்சையைத் தள்ளிப் போடுகிறேன் என்று தங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கள் மகள் காவ்யா அங்கே நர்ஸாகப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நான் போய்ச் சேர வேண்டுமானால், ஆங்கிலத்தில் கேட்கும் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லித் தேற வேண்டும். அதற்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பயிற்சி நிலையத்தில் ரிஃபானா டீச்சர் முதல் நாளே நாலு வார்த்தை கொடுத்தார். ஹூ என்றால் ஆள், வேர் என்றால் இடம், வென் என்றால் நேரம், ஒய் என்றால் காரணம். அன்றைக்கே மனப்பாடம் பண்ணிவிட்டேன். ஆனால் ஒலிப்பதிவைப் போட்டதும் "வேர் இஸ் யுவர் பிரதர்" என்பதில் எனக்கு 'பிரதர்' மட்டும்தான் விழுந்தது, எத்தனை பேர் என்று கேட்பதாக நினைத்து "டூ" என்றேன். வென் டஸ் த பஸ் கம் என்றதற்கு "யெஸ், கம்" என்று வரவேற்றேன். டீச்சர் யோசித்து, என்ன வேலை பார்க்கிறீங்கன்னு கேட்டாங்க. மீன் ஏலம் விடுறேன்னு சொன்னேன். ஏலத்துல இருபது பேர் கத்துவாங்க, கடைசியா வந்த விலைதான் விலை, இருபத்திரண்டு வருஷமா அதையே கேட்டுப் பழகிட்டேன். "உங்க காது கடைசியில போய் நிக்குது சார். கேள்வி முன்னாடி இருக்கு. முதல் வார்த்தையைப் பிடிங்க"ன்னாங்க.

மூணு வாரம் டீக்கடையிலயும் பஸ்ஸுலயும் யார் பேசினாலும் முதல் வார்த்தையை மட்டும் பிடிச்சேன். நல்லாப் படிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு நாள் ஏலத்துல பங்கஜவல்லி அக்கா வஞ்சிரம் கூடைக்கு முதல் விலை சொன்னாங்க, நான் உடனே அவங்களுக்கே முடிச்சுக் கொடுத்துட்டேன், பின்னாடி அஞ்சு பேர் கூட்டிக் கேக்க வாயைத் திறந்தபடி நிக்கிறாங்க. படகு முதலாளி கலைவாணன் ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் அவரே என்னைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். காது பிரமாதமா இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததுல அவருக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு.

இந்தக் காதோடதான் மாமா, சென்னைக்குப் பரீட்சைக்குப் போனேன். எதிர்ல ஒரு அம்மா, நல்ல மாதிரி. ஆனா எந்தக் கேள்வி கேட்டாலும் முதல்ல "சோ"ன்னாங்க. டீச்சர் கொடுத்த நாலுல சோ கிடையாது. நான் சோவையே யோசிச்சுக்கிட்டு இருக்க, ரெண்டு கேள்வி போயிடுச்சு. பதட்டத்துல காது பழையபடி கடைசிக்கு ஓடிடுச்சு. அந்தம்மா "சோ, ஒய் டூ யூ வான்ட் டு கோ"ன்னு கேட்டாங்க. எனக்குக் 'கோ'தான் விழுந்துச்சு. தேங்க்யூ சொல்லி, நாற்காலியை உள்ள தள்ளி வச்சுட்டுக் கிளம்பிட்டேன். லிஃப்ட் வரைக்கும் வந்து திரும்பக் கூட்டிட்டுப் போனாங்க. உட்கார வச்சு, ஒவ்வொரு வார்த்தையாப் பிரிச்சு அதையே கேட்டாங்க. "வொய்ஃப் தேர். மீ ஹியர். ஐ குக் ரைஸ், ஆல்வேஸ் ஃபார் டூ"ன்னேன். அவங்க குனிஞ்சு ஏதோ எழுதினாங்க. ஃபெயில்னு அந்த முகத்துலயே தெரிஞ்சுது.

ஆகவே இது காதின் குற்றமே தவிர, மனதின் குற்றமல்ல. எத்தனை முறையானாலும் பரீட்சை எழுதுவேன். அத்தையின் மூட்டுவலி சீக்கிரம் தீர வேண்டிக்கொள்கிறேன். இருவர் பாதங்களையும் வணங்கி முடிக்கிறேன்.

தங்கள் மருமகன்,
பாலகுரு

பின்குறிப்பு: உறையை ஒட்டுற நேரத்துல டீச்சர் போன் பண்ணினாங்க. பாஸாம். பரீட்சை நம்பர் மாறியிருக்கும், இன்னொரு தடவை பாருங்கன்னேன். பார்த்துட்டு, பாஸ்தான்னாங்க. மறுபடியும் பார்க்கச் சொன்னேன். "ஏன் சார், உங்களுக்குப் போக வேண்டாமா?"ன்னு கேட்டாங்க. கேள்வி ஒரு வார்த்தை விடாம, முழுசாக் காதுல விழுந்துச்சு. உடனே போனை வச்சுட்டேன். வெள்ளிக்கிழமை விசா வேலையாச் சென்னை போகணும். நீங்களும் கூட வாங்க மாமா. தனியா விட்டா நான் சிதம்பரத்துலயே இறங்கித் திரும்பிடுவேன்.