மாட்டுக்கு வேப்பெண்ணெய் தடவிய மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் குடியிருக்கிறவனுக்குக் கோபம் வரக் கூடாது. வந்தாலும் சோற்றோடு பிசைந்து விழுங்கிவிட வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் நான் அப்படி விழுங்கிய கோபத்துக்குக் கணக்கே இல்லை. இன்றைக்கு எண்பதைத் தாண்டிவிட்டேன், அது இன்னும் செரித்தபாடில்லை. அதில் ஒன்றையாவது இங்கே கக்கிவிடுகிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு விழுப்புரம் பக்கம். புதுச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாமனாருக்கு ஒரே பெண், உப்பளம் என்கிற பகுதியில் தோட்டத்தோடு சொந்த வீடு. தனியாக எதற்கு வாடகை கொடுக்க வேண்டும் என்று எங்களை அங்கேயே இருத்திக்கொண்டார். நான் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு நாயோடும் போய் இறங்கினேன். (நிச்சயதார்த்தத்தில் நாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.)

நாயின் பெயர் கறுப்பன். குட்டியிலிருந்து என் கட்டிலுக்கு அடியில் வளர்ந்தவன். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து சைகோன் வரைக்கும் போய் வந்தவர். ஊரில் அவர் மாதிரி ஆட்களை 'சொல்தா' என்பார்கள். நாங்கள் வந்த அன்றைக்கே அவர் நாய்க்கு 'நுவார்' என்று பேர் மாற்றினார். பிரெஞ்சில் கறுப்பு என்று அர்த்தமாம். கறுப்பன் அந்தப் பேருக்குக் காதைக்கூட அசைக்கவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்து நின்ற ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் அவனுக்கு உண்ணி பிடித்தது. காதுக்குள், கழுத்து மடிப்பில், கால் விரல் இடுக்கில், எங்கே தொட்டாலும் ஆமணக்கு விதை மாதிரி கொழுத்துக் கிடந்தன. சோறு இறங்கவில்லை. ஈறு வெளுத்துப்போயிற்று. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உண்ணிக் காய்ச்சல், ரத்தம் போய்விட்டது, மருந்து தருகிறேன், ஆனால் நாயை மட்டும் சுத்தம் பண்ணிப் பிரயோஜனமில்லை, அது படுக்கிற இடத்தையும் சுத்தம் பண்ணு என்றார் டாக்டர்.

அது படுக்கிற இடம் தோட்டத்து மாமரத்தடி. ஆபீஸ் போவதற்கு முன்னால் தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவேன். உடம்பு பூராவும் வேப்பெண்ணெய் தடவிக் கட்டிப்போடுவேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் மாமியார் பாவம் பார்த்து அவிழ்த்துவிடுவார். அவன் நேரே மாமரத்தடிக்குப் போய்ப் படுப்பான். சாயங்காலம் வந்தால் பழையபடி காது நிறைய உண்ணி. தரையைப் பெருக்குகிறேன், சருகைக் கொளுத்துகிறேன் என்றால் மாமனார் விடமாட்டார். அந்தத் தோட்டத்தில் ஒரு இலை விழுவதற்குக்கூட அவர் உத்தரவு வேண்டும்.

ஒருநாள் உண்ணி ஒன்று அவருடைய கஞ்சி போட்ட காலரில் ஏறிவிட்டது. அன்றைக்கே தீர்ப்பு வந்தது.

"நோணாங்குப்பத்துல ஒரு படகுக்காரர்கிட்ட சொல்லிட்டேன் மாப்ளே. ஞாயித்துக்கெழம நம்ம கூட்டாளிங்க காப்பிக்கு வராங்க. அவங்க போனதும் நாயக் கொண்டுபோயி வுட்டுருவோம். மீன் தலையத் தின்னுக்கிட்டு ராஜா மாரி இருக்கும்."

அதற்குள் எழுந்து நிற்கவே முடியாமல் போயிருந்த நாய் மீன் தலைக்கு மற்ற நாய்களோடு எப்படிச் சண்டை போடும்? ஒரு வாரம் தாங்காது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். சரசு என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். (சரசு என் மனைவி. அப்பா பேச்சு அவளுக்கு வேதவாக்கு. என் பேச்சு அப்போதெல்லாம் பேச்சாகவே கணக்கில் வராது.)

இப்போது மாட்டுக்கு வருகிறேன். மாமனாருக்குக் கண்ணெதிரில் கறக்காத பால் பாலே இல்லை. பால்காரர் கோதண்டம் காலையும் மாலையும் பசுவைத் தோட்டத்துக்குள் ஓட்டிவந்து, அந்த மாமரத்திலேயே கட்டிக் கறக்க வேண்டும். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செம்பில் தண்ணீர் விழுகிறதா என்று காவல் நிற்பார். சனிக்கிழமை காலை அந்தப் பசு மரத்தில் காதைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். காதுக்குள், அலைதாடியில், தொடையிடுக்கில், மடியைச் சுற்றி, அத்தனையும் உண்ணி. எனக்குக் காதில் புகை வராத குறை. நான் டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் இரண்டு வேளையும் மூட்டை மூட்டையாக வரவழைத்துக்கொண்டிருக்கிறார்.

மாட்டைத் தெருவிலேயே கட்டிக் கறக்கச் சொல்லலாமே என்று பணிவாகத்தான் ஆரம்பித்தேன். காரணத்தையும் சொன்னேன்.

"பசு லட்சுமி மாப்ளே," என்றார் மாமனார். "லட்சுமிக்கு உண்ணி வராது. நாயிக்குத்தான் வரும்."

சைகோனைப் பார்த்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? கோதண்டத்திடம் போய், மாட்டுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன். அவர் மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டே சிரித்தார். நானே தடவிவிடுகிறேன் என்று முடிவு செய்தது அந்தச் சிரிப்பில்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் கோதண்டம் மாட்டைக் கட்டிவிட்டு, வழக்கம்போல நீராகாரம் குடிக்கச் சமையல்கட்டுப் பக்கம் போனார். நான் வேப்பெண்ணெய்ச் சட்டியோடு பாய்ந்தேன். காது, கழுத்து, தொடை. உண்ணி எங்கே அதிகமோ அங்கே தாராளமாகத் தடவ வேண்டும் அல்லவா? மடியில்தான் அதிகம். காம்பு வரைக்கும் குளிப்பாட்டினேன். பசு பாவம், சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

வாசனை வந்திருக்காதா என்று கேட்பீர்கள். ஒரு வாரமாக வீடே வேப்பெண்ணெய் நாறிக்கொண்டிருந்தது. கோதண்டத்தின் மூக்கு பொடியில் எப்போதோ செத்துவிட்டது. மாமனார் வந்து காவல் நின்றார். கண்ணால் பார்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. திருப்தியாக உள்ளே போனார். எண்ணெய் வழியும் காம்பிலிருந்து பால் செம்பில் இறங்குவதை நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை. உண்ணி செத்துவிடும் என்ற சந்தோஷத்தில் மூளை அன்றைக்கு லீவு போட்டிருந்தது.

கூட்டாளிகள் நான்கு பேர் கோட்டும் மெடலுமாக வந்து உட்கார்ந்தார்கள். ரொட்டி, வெண்ணெய், பெரிய கிண்ணங்களில் பால் காப்பி. முதல் வாயில் எல்லார் முகமும் கோணிற்று. ஆனால் அசல் பிரெஞ்சுக் காப்பி நாக்கைக் கடிக்கும் என்று மாமனார் காலமெல்லாம் பெருமை பேசியிருந்தார். அதனால் மரியாதைக்கு விழுங்கினார்கள். மாமனாரும் விழுங்கினார். தன் வீட்டுக் காப்பியைத் தானே குறை சொல்ல முடியுமா? அவர்களில் மூத்தவர், சார்ஜெண்டாக இருந்தவர், கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு மெல்ல எழுந்தார். மெடல்களை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குரோட்டன்ஸ் தொட்டிக்குள் வாந்தி எடுத்தார். மற்றவர்களுக்கு அதுவே உத்தரவு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான்கு பேரும் தோட்டத்தில் ஆளுக்கொரு தொட்டியைப் பிடித்தார்கள்.

அடுத்த தெருவில் கறந்துகொண்டிருந்த கோதண்டத்தை மாட்டோடு இழுத்து வந்தார்கள். பாலில் என்ன கலந்தாய் என்று மாமனார் குதித்தார். நீங்கள்தானே பக்கத்தில் நின்று பார்த்தீர்கள் என்றார் அவர். கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். கறுப்பன் தூணோரம் சுருண்டு கிடந்தான்.

"அந்த நாயிதான் செம்புல வாய வெச்சிருக்கும்," என்றார்.

உடனே மாமனார், அந்த நாயை இப்போதே வண்டியில் ஏற்று என்றார்.

ஒரு வருஷமாக விழுங்கிய அத்தனையும் ஒரேயடியாக மேலே வந்தது.

"நாயி இல்ல மாமா, நான். நான்தான் மாட்டுக்கு வேப்பெண்ண தடவுனேன்."

சொன்னதோடு நின்றிருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்பார்கள். நான் நேரே மாட்டிடம் போய், காதிலிருந்து கொழுத்த உண்ணி ஒன்றைப் பிடுங்கி வந்து, மாமனாரின் பிரெஞ்சுப் பீங்கான் தட்டில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன். அது தட்டில் காலை நீட்டி நடந்தது.

"பாருங்க, உங்க லட்சுமியோடது. தெனம் ரெண்டு வேள நீங்கதான் உள்ள கூப்புடுறீங்க."

சார்ஜெண்ட் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் தொட்டிக்குப் போனார்.

கோதண்டத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் மாட்டுக்கு உண்ணியா, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாமனார் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. (அந்த வீட்டில் நான் நிம்மதியாக இருந்த மாசம் அதுதான்.) பேச்சு இல்லாததால் உத்தரவும் இல்லை. நான் சருகையெல்லாம் கொளுத்தினேன், மரத்தடி மண்ணைக் கொத்திப் போட்டேன், தோட்டத்துச் சுவரில் இருந்த விரிசலையெல்லாம் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். உண்ணி நின்றது. கறுப்பன் சோறு கேட்டுக் குரைத்தான். நோணாங்குப்பம் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். நாய் எழுந்து நடந்ததும் மாமனார் ஊரெல்லாம் சொன்னது என்ன தெரியுமா? பிரான்சிலிருந்து கூட்டாளி அனுப்பிய பவுடரை அவர் ஒருநாள் அதன் முதுகில் தூவினாராம், அதில் குணமாகிவிட்டதாம். அது முகத்துக்குப் போடுகிற பவுடர். சரசுகூட அதையே சொன்னாள். பல வருஷம் கழித்து என் ஆத்திரத்தை ஒரு மாட்டு டாக்டரிடம் கொட்டினேன். மாட்டுக்கு வருகிற உண்ணி பெரும்பாலும் வேறு ஜாதி, உங்கள் நாயைப் பிடித்தது சுவர் விரிசலில் குடியிருந்திருக்கும் என்றார் அவரும் சிரித்துக்கொண்டே. அவரோடும் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புதிதாக ஒரு மருமகனோ மருமகளோ வந்தால், காப்பியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்: "பயப்படாம குடிங்க, தாத்தா மாட்டத் தொடல." பாக்கெட் பால் வந்த பிறகும் இதைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. கறுப்பன் அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் இருந்து, கிழவனாகி, என் கட்டிலுக்கு அடியில்தான் செத்தான். அதனால்தான் இந்தச் சிரிப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.